அம்மா வாயில் வராத பேர்

என் பெயர் பச்சையம்மா. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். ஐம்பத்தோரு வருஷமாக இந்தப் பெயரைக் கேட்டு ஆட்கள் உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்த்து வருகிறேன். இன்னும் ஐந்து நிமிஷம் காத்திருப்பதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

டிவி சீரியல் எழுதுகிறவர்களுக்கு என் பெயர் மேல் அப்படி என்ன காட்டம் என்று எனக்கு விளங்கவே இல்லை. கதாநாயகிக்கு வழுவழுவென்று மூன்றெழுத்தில் ஒரு பெயர் வைப்பார்கள். அவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளுக்குத்தான் பச்சையம்மா. அவள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாயைக் கோணிக்கொண்டு பேசுவாள். முதலாளியம்மா வைதால் இளிப்பாள். வருஷக்கணக்கில் அந்த வீட்டில் வேலை செய்வாள், ஆனால் அவளுக்குப் பிள்ளைகுட்டி உண்டா, அவள் எந்த ஊர், எதைத் தின்கிறாள் என்று எழுதினவருக்கே தெரியாது. பாத்திரம் தேய்ப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை, என் சித்தி தேய்த்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஆனால் அவள் யார் வீட்டுக் கதவிலும் காதை வைத்ததில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் கணக்கு எழுதுவார். நூறு பழம் வாங்கி லாபத்துக்கு விற்கிறவன் யாராவது ஒரு ராஜாவாக இருப்பான். பத்துப் பழம் வாங்கி அதில் மூன்று அழுகிப்போகிறவள் பச்சையம்மா. வகுப்பே திரும்பி என்னைப் பார்க்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அந்த அழுகின மூன்று பழத்துக்கும் நான்தான் பொறுப்பு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது குனிவதில்லை. காக்களூரில் சுவிட்ச் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறேன். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு அணைத்துப் பார்த்து விடுவது என் வேலை. வருஷத்துக்கு ஒரு தரம் பாதுகாப்பு வாரம் என்று கொண்டாடி, கேன்டீனில் நாடகம் போடுவார்கள். அதில் இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருத்தி கையுறையும் தலைவலையும் போட்டுக்கொண்டு அடக்கமாக மெஷின் முன்னால் நிற்பாள். அவள் பெயர் ப்ரியா. இன்னொருத்தி வெற்றிலையை மென்றுகொண்டு, முந்தானையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து பிரஸ்ஸுக்குள் கையை விடுவாள். அவள் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வருஷம் நாடகம் முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். "சார், எனக்குப் பத்து வெரலும் அப்படியே கீது, எண்ணிப் பாத்துக்குங்க. போன வருஷம் மெஷின்ல கைய உட்டது யாரு? சொல்லுங்க" என்றேன். கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. கையை விட்டது மெயின்டனன்ஸில் ஒரு ஆம்பளை, எல்லோருக்கும் தெரியும். நாடகத்தை எழுதின அதிகாரி, பார்க்கப் பையன் மாதிரி இருப்பார், "அக்கா, காமெடிக்கு வச்சது, சீரியஸா எடுத்துக்காதீங்க" என்றார். அடுத்த வருஷம் கையை விடுகிறவளுக்கு முனியம்மா என்று பெயர் மாற்றியிருந்தார்கள். பேக்கிங் பிரிவில் இரண்டு முனியம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் சண்டைக்குப் போனேன்.

என் அண்ணன் மகள் ஒருநாள் போனில் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "அத்தை, ஒம்பேர்ல கோயில்தான் வருது, பெரிய ஆளு யாரும் வரல" என்றாள். போனுக்கு என்ன தெரியும்? எளாவூர் செக்போஸ்ட்டுப் பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கிற பச்சையம்மாவைத் தெரியுமா அதற்கு? பஞ்சாபிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற லாரி டிரைவர்களுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அவள் பெயர்தான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு வாய் நிறைய அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் நாஷ்டாவுக்கு உட்காருவார்கள். ஒருநாள் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது தலைப்பாகை கட்டின ஒரு மனிதர் "பச்சியம்மா" என்று கத்தினார், என்னை அறியாமல் நானும் எழுந்துவிட்டேன். கடைக்காரி என்னைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு இட்லி சேர்த்து வைத்தாள்.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் இன்னொரு பச்சையம்மா. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துப்போய், ஏரியில் மீன் இல்லாமல் போனபோது, பெண்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தவள். அதிகாரி வந்து, உங்களில் தலைவர் யார் என்று கேட்டாராம். ஆம்பளைகள் ஒருத்தரை முன்னால் தள்ளினார்கள். இவள் எழுந்து, "அவுரு தலைவரு, பேசப் போறது நானு" என்றாளாம். நண்டு வாங்கப் போன இடத்தில் அவளே எனக்குச் சொன்னது இது. இப்படி நான் நேரில் பார்த்த பச்சையம்மாக்கள் எட்டுப் பேர். டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருத்திகூட ஒட்டுக்கேட்கிறவள் இல்லை.

ஊரான் சிரித்தது போகட்டும். இந்தப் பெயரால் எனக்கு நிஜமாக வந்த கேடு என் வீட்டிலிருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் நெல் நிலம். அப்பாவின் அம்மா பெயர் பச்சையம்மா. நான் பிறந்ததும் அப்பா ஆசைப்பட்டுத் தன் அம்மாவின் பெயரை எனக்கு வைத்தார். மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு மூன்று வயதாகும்போது அந்த மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் அம்மா சொல்லவில்லை. நான் பெரியவளாகிக் கேட்டபோது, "செத்துட்டா மட்டும் மரியாதை பூடுமா?" என்றாள். அப்பாவும் சொல்லமாட்டார். பெற்ற தாயின் பெயரைச் சொல்லி வாடி போடி என்று எப்படிக் கூப்பிடுவது என்று, என்னை "அம்மா" என்றே கூப்பிட்டார். அம்மாவுக்கு நான் பாப்பா. கோபம் வந்தால் "இந்தா, ஒன்னத்தான்."

அம்மா என் பெயரை மட்டும் விட்டிருந்தால் பரவாயில்லை. பச்சை என்ற சொல்லையே விட்டுவிட்டாள். பச்சை மிளகாய் அவளுக்குக் காரக்காய். பச்சரிசி, பொங்கல் அரிசி. பச்சைத் தண்ணீர், சும்மா தண்ணி. புடவைக் கடையில் "எலக் கலரு காட்டுப்பா" என்பாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் ஒரு மிளகாயைத் தூக்கிப் பிடித்து, "இதும் பேரு இன்னா, சொல்லு பாக்கலாம்" என்று அவளை வம்புக்கு இழுப்பார்கள். அவளும் சிரிப்பாள். வாயை மட்டும் திறக்கமாட்டாள்.

அப்படியானால் என் பெயரைச் சொல்ல வேண்டிய இடங்களில் என்ன செய்வாள்? அண்ணனைச் சொல்லச் சொல்வாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவன் அவன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பெரிய வாத்தியார் பெயர் கேட்டார். அம்மா அண்ணன் முதுகில் கையை வைத்து, "நீ சொல்றா" என்றாள். அவன் சொன்னான். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் அவன் சொல்வான். ரேஷன் கார்டுக்கு அவன்தான் சொன்னான். எனக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் பெயர் கேட்டார். அம்மா என்னை அப்படியே விட்டுவிட்டு, அண்ணனைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். எனக்கு வலி, அவளுக்கு மரியாதை. நானே கத்திச் சொல்லித்தான் சீட்டில் ஏறியது.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்று எழுதினால் அது பொய். குறை சொல்வேன். சீரியல்காரனுக்கு என் பெயர் கேலிக்காவது வாயில் வந்தது. பெற்றவளுக்கு அதற்கும் வரவில்லையே என்று நான் பொருமின நாட்கள் உண்டு. ஆனால் அவளிடம் வஞ்சகம் இல்லை. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்து எட்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் திணித்தாள். "இது ஒங்க நைனா பேப்பரு. ஒங்கண்ணன் பீரோல வச்சிகினு கீறான், நான்தான் எடுத்தேன். மடிச்சி மடிச்சி கிழியப் போவுது. ஒங்க ஊர்ல பிளாஸ்டிக் போட்டு எடுத்துகினு வா" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா பெயர் போட்ட காகிதம் என்றால் அவளுக்குச் சாமி படம் மாதிரி.

நான் குடியிருக்கிற வேப்பம்பட்டில், ஸ்டேஷன் எதிரில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் கவரைப் பிரித்தேன். வாரிசு சான்றிதழ். இறந்தவர் பெயர், அப்பா. வாரிசுகள்: மனைவி, மகன். அவ்வளவுதான். கீழே இன்னொரு வரி இருக்கும் என்று காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கடைக்காரர், "லேமினேஷன் போட்டுடலாமாக்கா?" என்று கை நீட்டினார். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் வந்து நெருங்கிவிட்டன, புரோக்கர்கள் வரப்பில் நின்று பேரம் பேசுகிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். நிலம் வேண்டாம், பெயர் இருந்தால் போதும் என்று பெருந்தன்மை பேச நான் ஆளில்லை. நிலமும் வேண்டும், பெயரும் வேண்டும். நானும் அவருக்குப் பிறந்தவள்தானே.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி மாறி ஊருக்குப் போனேன். இரண்டு ரயிலிலும் நின்றபடியே மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணன் வீட்டில் இல்லை. அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பேப்பருக்கு ஆபீசரு வந்து ஒன்னக் கேட்டாரா?" என்றேன்.

"கேட்டாரே. வி.ஏ.ஓ. சாரு ஊட்டுக்கே வந்தாரு. பசங்க எத்தினின்னாரு. ஒரு ஆணு, ஒரு பொண்ணுன்னேன். பொண்ணு பேரு இன்னான்னாரு. ஒங்கண்ணன் பக்கத்துலதான் இருந்தான். நீ சொல்றான்னேன். அவன் சொன்னான், அவரு எழுதிக்கினாரு, நான் ரேக வச்சேன். ஏன், இன்னா ஆச்சி?"

"என் பேரு இல்லமா இதுல."

"இல்லாம எங்க பூடும்? அவன் சொன்னான்டி."

"இன்னான்னு சொன்னான்? ஒங்காதுல உயுந்துதா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "மெதுவாச் சொன்னான்" என்றாள்.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் கேட்டேன். அவனுக்குக் குரல்கூட மாறவில்லை. "அம்மாதான் ஒம்பேரச் சொல்லல, நான் இன்னா பண்றது? ஆபீசரு அது வாயால சொன்னாத்தான் எழுதுவேன்ட்டாரு" என்றான். இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஐம்பது வருஷமாக அம்மாவுக்காக என் பெயரைச் சொன்ன வாய் அவனுடையது. அந்த ஒருநாள் மட்டும் அதற்கு என்ன வந்தது?

"சரி, அப்பவே எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா? நான் வந்து சொல்லமாட்டனா?" என்றேன்.

"ஒனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சி கட்டிக் குடுத்தாச்சில்ல. ஏன் இப்போ பேஜாரு பண்ற?" என்றான். உண்மை அந்த இரண்டாவது பேச்சில்தான் வந்தது.

தாசில்தாருக்கு மனு எழுதிப் போட்டேன். ஆதார், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் இணைத்தேன். அண்ணன் தன் பங்குக்கு, நான் எப்போதோ பங்கு வேண்டாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டதாக ஒரு மனு போட்டான். எல்லோரும் விசாரணைக்கு வர வேண்டும், தாயார் நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டும் என்று கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர், அண்ணனோடு எதற்கு வம்பு என்று இழுத்தார். "நீங்க கம்முனு இருங்க, இது எங்க நைனா விஷயம்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. அம்மாவிடம் போய், "ஆயா பேர ஆபீசுல நாலு பேரு முன்னாடி சொன்னா ஊட்டுக்கு ஆவாதும்மா. நைனா ஆத்மா சாந்தியா இருக்காது. நீ சொல்லாத, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று ஓதியிருக்கிறான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் என்று சொல்வார்களே, அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். அம்மா எனக்குப் போன் செய்து அழுதாள். "என்ன இஸ்துகினு போவாத பாப்பா. வேற எதுனா சொல்லச் சொல்லு, சொல்றேன்" என்றாள்.

எனக்கு இரக்கம் வரவில்லை. "ஒம் மாமியா செத்து நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சி. நான் உசுரோட கீறேன். ரெண்டு பேர்ல யாரு ஒனக்கு ஓணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிப் போனை வைத்தேன். பெற்றவளிடம் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுதான். ஆனால் பேசினேன்.

விசாரணை அன்று அண்ணன்தான் அவளைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். நான் முன்னாலேயே போய் தாலுகா ஆபீஸ் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தும் பக்கத்தில் வரவில்லை. அண்ணன் அவள் கையை விடவும் இல்லை. எங்களைக் கூப்பிட்டதும் மூன்று பேரும் உள்ளே போனோம். துணைத் தாசில்தார் நடுவயசுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இரண்டு மனுவையும் படித்தார். பக்கத்தில் வி.ஏ.ஓ. நின்றிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிய்யா ஒரு வாரிசு விட்டுப்போச்சு?" என்று வி.ஏ.ஓ.வைக் கேட்டார்.

வி.ஏ.ஓ. அண்ணனைக் காட்டினார். "அந்தம்மா பொண்ணு இருக்குதுன்னுதான் சார் சொன்னாங்க. இவருதான், அம்மாவுக்கு ஞாபகம் செரியில்ல, ஊட்ல வளர்ற பேத்தியச் சொல்லுதுன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

மெதுவாகச் சொன்னது அதுதான். என்னை அவன் மறக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. அத்தை என்று என் மடியில் வளர்ந்த குழந்தையைக் கொண்டுவந்து என் இடத்தில் வைத்து என்னை மூடியிருக்கிறான். நான் அவனைப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனால் வி.ஏ.ஓ. சத்தமாகத்தான் சொன்னார். அவள் அண்ணன் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

துணைத் தாசில்தார் கண்ணாடியை இறக்கினார். "இப்ப அம்மாவே சொல்லட்டும். வேற யாரும் வாயத் தொறக்கக்கூடாது" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?"

"ஒரு ஆணு, ஒரு பொண்ணு சாமி."

"பொண்ணு பேரு?"

அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். "தோ, நிக்குதே. இதான்."

"பேரச் சொல்லுங்கம்மா. பேருதான எழுத முடியும்?"

"எங்க மாமியா பேரு சாமி."

"மாமியார் பேரு என்ன?"

வி.ஏ.ஓ. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் முகத்தில்கூட ஒரு தைரியம் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான் சார். நான் வேணும்னா ஆதாரப் பாத்து டைப் பண்ணிக்கிறேன்" என்றாள்.

"வேணாம். போன தடவ பக்கத்துல இருந்தவங்க சொல்லித்தான் இந்த வம்பு. அவங்க வாக்குமூலம், அவங்களே சொல்லட்டும்" என்றார் அவர்.

அம்மா தண்ணீர் கேட்டாள். அந்தப் பெண் தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அம்மா அண்ணாந்து குடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவைத்தாள். கோயிலுக்குள் போகும்போது செய்வாளே, அப்படி. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லமாட்டாள் என்று அப்போது நான் நிச்சயமாக நம்பினேன். சொல்லாவிட்டால் இனிமேல் இந்த ஊர்ப் பக்கமே வரக்கூடாது என்றும் மனசுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

"பச்சம்மா" என்றாள் அம்மா.

அந்தப் பெண் டைப் அடிக்கத் தொடங்கினாள். மேலே ஃபேன் சத்தத்தில் துணைத் தாசில்தாருக்குச் சரியாக விழவில்லை. "என்னம்மா?" என்றார்.

"பச்சம்மா, பச்சம்மா. எம்பொண்ணு பேரு பச்சம்மா. எங்க ஊட்டுக்காரருக்குப் பொறந்த பொண்ணு. எழுதிக்க சாமி."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தவர்களுக்குச் சொல்கிறேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? நாக்கு சுருண்டு போகவில்லை, கூரை இடிந்து விழவில்லை. இந்த ஒரு சொல்லை என் கையில் மருதாணி வைக்கும்போது சொல்லியிருக்கலாம், நான் வலியில் கத்தின அன்று சொல்லியிருக்கலாம், சும்மா ஒருநாள் சாப்பிடக் கூப்பிடும்போது சொல்லியிருக்கலாம். முதல் முதலாக என் பெயரை அவள் சொன்னது முன்பின் தெரியாத ஒரு அதிகாரிக்கு. பழைய சான்றிதழை ரத்து செய்து புதிதாகத் தருகிறோம் என்று அவர் சொன்னது பாதிதான் என் காதில் விழுந்தது. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அம்மா ரேகை வைத்தாள்.

வெளியே வந்தோம். மரத்தடியில் அண்ணன் பைக்கை எடுக்காமல் நின்றான். தோற்றவன் முகம் அவனிடம் இல்லை, ஏதோ பாவத்தைத் தடுக்கப் பார்த்தவன் மாதிரி நின்றிருந்தான். "ஏம்மா, ஆயா பேரப் போயி அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டியே. நல்லாவா கீது இது?" என்றான்.

அம்மா கழற்றின செருப்பைக் கையிலேயே வைத்திருந்தாள். அதைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது எனக்கு மாமியா பேரு, இத்தினி வருஷம் நான் சொல்லல. ஒனக்கு அவ தங்கச்சிதானடா. நீ ஏன் சொல்லல?"